இருபத்தொன்பது காதம்

தர்மபுரிப் பகுதிக் கல்வெட்டுகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றில் ராஜா இல்லை. மெய்க்கீர்த்தி இல்லை, தானம் இல்லை, இதை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற சாபமும் இல்லை. பாதையின் பெயர் அதியமான் பெருவழி. போகுமிடம் நாவல் தாவளம். தூரம் காதம் இருபத்தொன்பது. முடிந்தது. 13-ஆம் நூற்றாண்டுக் கல். இதே பாதையின் இன்னொரு கல் இருபத்தேழு காதம் என்கிறது.

எழுத்தைவிட முக்கியம், எழுத்துக்குக் கீழே இருப்பது. தமிழ் எண்ணில் வெட்டியதோடு நிறுத்தாமல் கல்லில் குழிகளும் தோண்டியிருக்கிறார்கள். பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பொதிமாட்டுக்காரன் விரலை வைத்து எண்ணிக்கொள்ளலாம். இருட்டிலும் எண்ணிக்கொள்ளலாம்.

நான் இருப்பது ஒரு வங்கியில். காசாளர் கூண்டுக்குப் பக்கத்து மேஜை. வாரத்தில் நாலைந்து பேராவது கைநாட்டு வைக்க வருகிறார்கள். மைத்திண்டில் அவர்கள் பெருவிரலைப் பிடித்து அழுத்தி, சீட்டில் உருட்டி, பெயரை நான் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தச்சனோ அதிகாரியோ விரலால் படிக்கிறவனை நினைத்துக் கல்லில் குழி தோண்டியதைக் கேள்விப்பட்டபோது, என்னுடைய மைத்திண்டு எனக்குக் கொஞ்சம் அசிங்கமாகத் தெரிந்தது. அவன் விரலுக்குத் தகவல் கொடுத்தான். நாங்கள் விரலிடமிருந்து ஒப்புதல் மட்டும் வாங்கிக்கொள்கிறோம்.

இந்தக் கல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. எழுதாததற்குக் காரணம், இதை எழுதினால் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும் தொனி. அன்றே தமிழன் மைல்கல் நட்டான் என்று ஆரம்பித்து, வாரப் பத்திரிகைக்கு ஏற்ற அளவில் மார்தட்டி முடிக்கலாம். அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமாபுரிக்காரன் தன் சாலையெல்லாம் கல் நட்டுவிட்டான். பின்னால் வந்த மொகலாயர்கள் குரோசத்துக்கு ஒரு தூண் கட்டினார்கள். கல் நடுவது பெரிய காரியமில்லை. அந்தக் குழிகள்தான் விஷயம்.

எழுதவைத்தது வேறு ஒரு சம்பவம். மாதாமாதம் ஒரு அம்மாள் வருவார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மகன் துபாயில் கட்டட வேலை. அவன் அனுப்புகிற பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று பாஸ்புக்கைப் பதிந்து, எடுக்கவேண்டியதைக் கைநாட்டு வைத்து எடுத்துக்கொண்டு போவார். ஒருநாள் கூட்டமில்லாத மத்தியானம் கேட்டார்.

‘துபாய் எத்தினி தூரம் சார்?’

எனக்குக் கிலோமீட்டர் ஞாபகம் வரவில்லை. வந்தது இதுதான்: ‘நாலு மணி நேரம்மா.’

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். ‘நாலு மணி நேரந்தானா? சேலம் போய்ட்டு வர்ற நேரம். பின்ன எதுக்கு நாலு வருசமா வர்ல?’

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். நான் சொன்னது பொய்யில்லை. பெங்களூரிலிருந்து துபாய்க்கு வானவழியில் சுமார் 2,700 கிலோமீட்டர். விமானம் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் போய்விடுகிறது. துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆகையால் காலை பத்து மணிக்குக் கிளம்பியவன் அங்கே பன்னிரண்டரைக்கே இறங்குகிறான். கடிகாரத்தை மட்டும் நம்பினால் இரண்டரை மணி நேரம். தர்மபுரியிலிருந்து பஸ் மாறி தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச்சேரவே நாலரை, ஐந்து மணி ஆகிவிடுகிறது. உண்மையான தகவலைத்தான் சொன்னேன். ஆனாலும் அன்று மாலை வீட்டுக்கு நடந்துபோகும்போது ஒரு ஏமாற்று வேலை செய்துவிட்டது போலத்தான் இருந்தது.

தூரத்தை நேரத்தால் சொல்வது விமானம் கொண்டுவந்த கெட்ட பழக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. காதமே நேரந்தான். பழைய வாய்ப்பாட்டில் ஏழரை நாழிகைவழி ஒரு காதம். நாழிகைவழி என்றால் ஒரு நாழிகையில் நடக்கிற தூரம். நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம். ஏழரை நாழிகை ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். ஆக காதம் என்பது ஒரு சாமப்பொழுது நடை. கோலும் கயிறும் வைத்து அளந்தது பிறகு நடந்திருக்கலாம். ஆதியில் அளவுகோல் காலும் பொழுதும்தான்.

இதைச் சரிபார்க்க நமக்கு ஒரு சாட்சி இருக்கிறது. சேலம் மாவட்டம் ஆறகழூரில் ஒரு காதக்கல் உண்டு. மகதேசன் பெருவழியில் காஞ்சிபுரத்துக்குப் பதினாறு காதம் என்று சொல்கிற கல். அதிலும் குழிகள் உண்டு, பதினாறு. இந்தக் கல்லின் சௌகரியம், இதன் இரண்டு முனையும் நமக்குத் தெரியும். ஆறகழூரும் இருக்கிறது, காஞ்சிபுரமும் இருக்கிறது. இன்றைய சாலையில் சுமார் 200 கிலோமீட்டர். பதினாறால் வகுத்தால் காதத்துக்குப் பன்னிரண்டரை. அதை மூன்று மணி நேரத்தில் நடந்தால் மணிக்கு நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கையில் ஒரு மூட்டையோடு, அவசரமில்லாமல், ஆனால் வழியில் உட்காராமல் நடக்கிற ஆளின் வேகம். இந்தக் கணக்கு ஒரு தபால் கவரின் பின்பக்கத்தில் வந்து விழுந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இந்தப் பத்திரிகையில் வரும் பல கவிதைகள் எனக்குத் தந்ததில்லை. மன்னிக்கவும்.

ஆனால் இந்தப் பன்னிரண்டரையை எடுத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் ஓடமுடியாது. சிலப்பதிகாரத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. புகாரை விட்டுப் புறப்பட்ட கண்ணகியும் கோவலனும் ஒரு காவதம் நடந்து கவுந்தியின் பள்ளி இருக்கும் சோலைக்கு வருகிறார்கள். ஒரே ஒரு காவதம். அதற்குள் அவளுக்குப் பாதம் நொந்து மூச்சு வாங்குகிறது. மதுரை எது என்று கேட்கிறாள். கவனிக்க வேண்டும், எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை. மதுரை இதோ தெரியும் இவற்றில் ஏதோ ஒன்று என்பது போலக் கேட்கிறாள். கோவலன் முப்பது என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆறு, ஐந்து என்று இரண்டு சின்ன எண்களாக உடைத்துச் சொல்லிப் பெருக்கும் வேலையை அவளிடம் விட்டுவிடுகிறான். அதோடு நிறுத்தாமல் பக்கந்தான் என்றும் சொல்லிச் சிரிக்கிறான். வணிகன் மகன் கணக்கை எப்படி உச்சரித்தால் எவ்வளவு கனக்கும் என்று தெரிந்தவன். தமிழில் தூரத்தைப் பற்றி இவ்வளவு சங்கடமான சிரிப்பு வேறெங்கும் எனக்குத் தென்பட்டதில்லை. நாலு மணி நேரம்மா என்று நான் சொன்னபோது என் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர்களிடம் சிரிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

புகாரிலிருந்து உறையூர் வழியாக மதுரைக்கு இன்றைய சாலையில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர் வரும். முப்பதால் வகுத்தால் காதத்துக்குப் பத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஆறகழூர்க் காதத்தைவிட மூன்று கிலோமீட்டர் சிறியது. இளங்கோ குறைத்துச் சொன்னாரா, கோவலன் குறைத்துச் சொன்னானா, சோழநாட்டுக் காதமே சின்னதா? காவியத்தை நிலஅளவைப் பதிவேடாக வாசிப்பது அபத்தம் என்று சொல்லப்போகிறவர்கள் சொல்லலாம். என் சந்தேகம் வேறு. ஆற்றங்கரையில் மருதநிலத்து நடை ஒரு காதம், மகதை நாட்டு மேட்டிலும் காட்டிலும் நடை இன்னொரு காதம். சாமப்பொழுது ஒன்றுதான், அதற்குள் கால் கொண்டுசேர்க்கிற இடம் ஒன்றல்ல. நிலம் மாறினால் அளவு மாறுகிற அளவையை நாம் பிழை என்கிறோம். நடந்தவனுக்கு அது பிழையாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில் கவுந்தியையும் சொல்லவேண்டும். கூட நடந்துவரப்போகிற அந்தக் கிழவி எண்ணே சொல்வதில்லை. சோலை வழியாகப் போனால் கிழங்கு அகழ்ந்த குழி மறைந்திருக்கும், வயல் வழியாகப் போனால் காலடியில் நண்டும் நத்தையும் மிதிபடும் என்கிறாள். பிறகு காட்டில் எதிர்ப்படும் மாங்காட்டு மறையவன் மதுரைக்கு வலமும் இடமும் நடுவுமாக மூன்று வழி சொல்கிறான். அவன் பேச்சு முழுக்க மலையும் சுனையும் மரமும் தெய்வமுமாக இருக்கிறது. நடக்காதவளுக்குச் சொல்லும்போது எண். நடக்கிறவர்களுக்குள் பேசிக்கொள்ளும்போது நிலம். பெருவழிக் கல்லை நட்டவன் இந்த இரண்டையும் சேர்க்கப் பார்த்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணைச் சொல்கிறான், ஆனால் அந்த எண் நிலத்தின்மேலேயே நிற்கிறது. இரண்டு காதம் நடந்தால் எண் இரண்டு குறைகிறது. உடம்பு அதைச் சரிபார்த்துக்கொள்ளும்.

இனி நாவல் தாவளத்துக்கு வருவோம். தாவளம் என்றால் வணிகச் சாத்துகள் தங்குமிடம். இலங்கையில் பொதிமாட்டுக் கூட்டத்துக்கே தவளம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆக இது கோயில் ஊரோ தலைநகரோ அல்ல, சுமை இறக்குகிற ஊர். எங்கே? நாவல் என்றதும் திருநாவலூர் மனசில் வருவது இயல்பு. ஆனால் தர்மபுரியிலிருந்து திருநாவலூர் இருநூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இருபத்தொன்பதால் வகுத்தால் காதம் ஏழு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆறகழூர்க் காதத்தில் பாதிதான். ஆறகழூர் அளவின்படி பெருக்கினால் 360 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கோவலன் அளவின்படி பெருக்கினால் 280. இரண்டுக்கும் இடையில் எண்பது கிலோமீட்டர். தர்மபுரியிலிருந்து சேலத்தைத் தாண்டிப்போய் நிற்கிற இடைவெளி. அதற்குள் எத்தனை ஊர் தொலைந்துபோகலாம்!

இருபத்தொன்பது, இருபத்தேழு என்று இரண்டு கற்கள் இருக்கின்றனவே, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து பாதியாக்கினால் காதம் கிடைத்துவிடாதா என்று எந்தக் குமாஸ்தாவுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு கல்லும் நட்ட இடத்திலேயே இருந்தால் நடக்கும். நம் பக்கத்தில் கல் நட்ட இடத்தில் இருப்பதில்லை. கல்வெட்டுக் கற்கள் வாசற்படியாகின்றன, துவைகல்லாகின்றன, வரப்புக்கு முட்டாகின்றன, குழியிருந்தால் பல்லாங்குழி ஆடக்கூட எடுத்துப்போவார்கள். தூரத்தைச் சொல்வதற்கென்றே பிறந்த கல் இடம் பெயர்ந்துவிட்டால் அதைவிடப் பெரிய பொய் வேறில்லை.

எண் தங்கிவிட்டது, ஊர் போய்விட்டது. எனக்கு இதில்தான் கல்லின் துக்கம் இருக்கிறது. பெருவழியில் பொதிமாடு ஒரு நாளைக்கு ஒரு காதம் நடந்தால் பெரிது. காலையில் ஒரு சாமம் நடை, பிறகு பொதியிறக்கி மேய்ச்சல், தண்ணீர். இருபத்தொன்பது காதம் என்றால் இருபத்தொன்பது நாள். ஒரு அமாவாசைக்குக் கிளம்பினால் அடுத்த அமாவாசை. கல்லைத் தொட்டு எண்ணியவன் தெரிந்துகொண்டது கிலோமீட்டரை அல்ல, எத்தனை இரவு பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்க முடியாது என்பதை. அந்தக் கணக்கு வீட்டிலிருந்தவளுக்கும் தெரியும். காதம் தெரிந்தால் நாள் தெரியும், நாள் தெரிந்தால் எப்போது வாசலைப் பார்க்க ஆரம்பிக்கலாம் என்று தெரியும். தூரமும் காத்திருப்பும் ஒரே நாணயத்தில் எண்ணப்பட்டன.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். வழிப்பறி உண்டு, சுங்கம் உண்டு, காய்ச்சல் உண்டு. இந்த ஊருக்குப் பெருமை சேர்க்கும் அதியமானே தகடூர்க் கோட்டை முற்றுகையில் போனவன்தான். கல்லிலிருக்கும் அதியமான் பெயரும் அவனுக்கு ஆயிரம் வருஷம் பிந்திய, சோழருக்கு அடங்கிய அதியமான்களின் காலத்துக்கு உரியது. பழைய அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனதாகச் சொல்லப்படும் ஔவையின் பாட்டு நமக்கு இருக்கிறது. அந்தப் பயணத்தைப் பற்றி அவள் ஒரு வரி சொல்லவில்லை. ஆயுத சாலையைப் பற்றித்தான் பேசுகிறாள்.

காதம் ஒழிந்து மைல் வந்த கதை நம் பாராமகாலிலேயே ஆரம்பிக்கிறது. 1792-இல் திப்புவிடமிருந்து பறித்த இந்தப் பகுதியை அளக்க அலெக்ஸாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே இருந்தார். தர்மபுரியில் குடியிருந்து தோட்டம் போட்டார். இங்கிருந்து கிளாஸ்கோவில் இருந்த தன் குடும்பத்துக்குக் கடிதம் எழுதினார். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகவேண்டும். கடிதம் சேர ஏறக்குறைய அரை வருஷம், பதில் வர இன்னொரு அரை வருஷம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரு வருஷத்துக்குப் பிறகு, ஆறு மாசத்துக்கு முன்பு இருந்த உடம்பைப் பற்றிப் பதில் வரும். நம் நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்துகொண்டிருந்தவருக்கும் அவருடைய காதம் இருந்தது.

ஆனால் உண்மையான முறிவு மன்றோ அல்ல, லாம்டன். வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. மக்கார்ட்னியின் தூதுக்குழு சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய், அவர் வேண்டாமென்று விட்டதால் கல்கத்தாவுக்கு வந்துசேர்ந்த பொருள். ஏழரை மைல் என்பது பன்னிரண்டு கிலோமீட்டர். ஆறகழூர்க் காதம் ஒன்று. தற்செயல்தான், ஆனாலும் என்னால் இதைக் கடந்துபோக முடியவில்லை. லாம்டன் முதலில் தரையில் ஊர்ந்து அளந்தது இந்த ஒரு காதம். பிறகு, சில இடங்களில் சரிபார்ப்பதற்காக அளந்ததைத் தவிர, தரையைத் தொடவேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. குன்றின் மேல் ஏறி, அரை டன் எடையுள்ள தியோடலைட்டை வைத்து, இன்னொரு குன்றிலுள்ள கொடியைப் பார்த்துக் கோணம் எடுத்தால் போதும். முக்கோணத்தின் ஒரு பக்கம் தெரிந்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும். இடையிலுள்ள ஆறு, காடு, சேறு, நண்டு, நத்தை எதுவும் கணக்கில் இல்லை.

சென்னையிலிருந்து மங்களூர்க் கரை வரை முக்கோணங்களைக் கோத்துப் பார்த்தபோது, அதுவரை தேசப்படங்களில் நானூறு மைல் அகலமாக இருந்த தீபகற்பம் முந்நூற்று அறுபது மைலாகச் சுருங்கிவிட்டது. நாற்பது மைலைத் தரையில் யாரும் தொலைக்கவில்லை. நடந்தவர்கள் அந்த நாற்பதை நடந்துதான் இருந்தார்கள், வளைவாக, ஏற்ற இறக்கமாக. கண்ணுக்கு அது தேவைப்படவில்லை. குன்றில்லாத தஞ்சைச் சமவெளியில் லாம்டன் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. தானே உட்கார்ந்து தட்டித் தட்டிச் சரிசெய்தார். அபாரமான மனிதர், சந்தேகமில்லை. கன்னியாகுமரியிலிருந்து வடக்கே இமயம் நோக்கி நீண்ட அவருடைய பெருவில், எழுபத்தெட்டாம் தீர்க்கரேகையை ஒட்டிய கோடு. தர்மபுரியும் அந்த ரேகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதியமான் பெருவழி போன ஊரின் அருகிலேயே, யாரும் நடக்காத இன்னொரு பெருவழியும் போயிருக்கிறது.

விமானம் இந்தக் கண்ணின் வாரிசு. உருண்டையின்மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வில்லை எடுத்து அதை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்பது கொள்கை. நடைமுறையில் இது ஒருநாளும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. 1929-இல் லண்டனிலிருந்து கராச்சிக்கு விமான சர்வீஸ் தொடங்கியபோது பயணம் ஒரு வாரம் பிடித்தது. அதிலும் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸலிலிருந்து ஜெனோவா வரை ரயிலில்தான் போகவேண்டும். ரயிலேறுகிற விமானப் பயணம்! 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால்பை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கு வர, நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பொதிமாடு போலத்தான், தாவளத்துக்குத் தாவளம்.

இன்றைக்கும் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றல்ல. மேற்கிலிருந்து வீசும் உயரக்காற்று எதிர்த்துப் போகிறவனை இழுக்கிறது, திரும்புகிறவனைத் தள்ளுகிறது. துபாய் போகிறவனுக்கு நாலு மணி, வீடு திரும்புகிறவனுக்கு அதைவிட அரை மணி வரை குறைவு. ஊருக்குத் திரும்பும் வழி சின்னது என்று கிராமத்தில் சொல்வதை ஆகாயமும் ஒப்புக்கொள்கிறது. 2022-இல் ருஷ்யா தன் வானத்தை அடைத்தபோது ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஒன்பது மணி நேரத்திலிருந்து பதின்மூன்று மணி நேரமாகிவிட்டது. இரண்டு நகரமும் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆக வானத்திலும் நிலம் இருக்கிறது. மேடும் பள்ளமும் காவலும் சுங்கமும் இருக்கின்றன. அவற்றை அனுபவிப்பது விமானியும் எரிபொருளும். இருக்கையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது.

அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு என் பதில் ஏன் பொய்யாயிற்று என்பது இப்போது கொஞ்சம் தெளிகிறது. நேரத்தைச் சொன்னதால் அல்ல. காதமும் நேரத்தைத்தான் சொன்னது. யாருடைய நேரம் என்பதுதான் கேள்வி. காதம் நடப்பவனின் நேரம். பெருவழியில் வணிகனும் மாட்டுக்காரனும் ஏறக்குறைய ஒரே சாமத்தைக் கொடுத்துத்தான் ஒரு காதத்தை வாங்கவேண்டும். நாலு மணி நேரம் என்பது யந்திரத்தின் நேரம். அந்தப் பையனுடைய நேரம் அதுவல்ல. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தின் வட்டி, இரண்டு வருஷ ஒப்பந்தம், அது முடிந்ததும் இன்னொரு இரண்டு வருஷம், லீவில் வந்தால் டிக்கட் யார் கொடுப்பது, வந்துவிட்டுத் திரும்பினால் வேலை இருக்குமா - அவனுக்கும் தர்மபுரிக்கும் இடையே இருக்கும் நிலம் இது. தினமும் இரவில் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறான். முகம் வர ஒரு கணம் ஆகிறது. ஆள் வர நாலு வருஷம் ஆகிறது. இதற்கு எந்த வாய்ப்பாட்டிலும் அலகு கிடையாது. கல் நடுவதானால் எந்த இடத்தில் நடுவது?

ஒருநாள் வேலை ஓய்ந்த நேரத்தில் 2,700-ஐப் பன்னிரண்டரையால் வகுத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பதினாறு காதம். பணம் எடுக்கும் சீட்டு ஒன்றின் பின்பக்கம் பெரிய புள்ளியாக இருபத்தொன்றும் சிறிய புள்ளியாக ஆறும் போட்டேன். பொதிமாட்டுக்கு ஏழு மாசத்துக்கு மேல், கடல் குறுக்கே இல்லாவிட்டால். அந்த அம்மாள் வரும்போது காட்டலாம், விரல் வைத்து எண்ணச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு. அப்புறம், இதைக் காட்டி அவரிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று தோன்றியது.

சீட்டு இழுப்பறையிலேயே கிடக்கிறது. போன மாதம் அவர் வரவில்லை. பேரன் வந்து பாஸ்புக்கை மட்டும் பதிந்துகொண்டு போனான். பாட்டிக்கு என்ன என்று கேட்டேன். முழங்கால் வலி, பஸ் ஸ்டாண்டிலிருந்து இவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை என்றான்.